சின்னப்பன் என்கிற பவுலுஸ்

தாத்தா பேரில் இருந்த அரை ஏக்கரை அப்பா பேருக்கு மாற்றப் போன இடத்தில்தான் இந்தப் பேச்சு வந்தது. பட்டாவில் சின்னப்பன் என்று இருந்தது. தாத்தாவின் வயதுக்கு எங்களிடம் இருந்த ஒரே சான்று, கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து எடுத்த நகல். அந்தக் காலத்துச் சாமியார் லத்தீனில் எழுதி வைத்த ஒற்றை வரி. அதில் பவுலுஸ் என்று இருந்தது. எழுத்தர் இரண்டு தாள்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார்.

“இதுல சின்னப்பன், அதுல பவுலுஸ். ரெண்டு ஆளா?”

“இல்லைங்க சார், ரெண்டும் எங்கப்பாதான். லத்தீன்ல பவுலுஸ்னா தமிழ்ல சின்னப்பன்.”

“பேரை எப்படிங்க மொழிபெயர்ப்பீங்க? நாளைக்கு என் பேரையும் லத்தீன்ல மாத்திருவீங்களா?”

அப்பாவுக்குப் பதில் தெரியும், சொல்லத்தான் வரவில்லை. கேட்டவர் மேலும் தப்பில்லை. உலகத்தில் எத்தனையோ மொழிக்காரர்கள் பவுலுஸ் என்ற பேரை எடுத்துப் புழங்கியிருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லோரும் அதன் ஓசையை வாங்கிக்கொண்டு பொருளை அங்கேயே விட்டுவிட்டார்கள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் பொருளை வாங்கிக்கொண்டு ஓசையை விட்டவர்கள். ஏன் அப்படி என்று பார்க்க வேண்டுமானால் ரோமாபுரி வரைக்கும் ஒரு நடை போய்வர வேண்டும்.

லத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியது, கொஞ்சம் என்று பொருள். பழைய எழுத்துமுறையில் இரண்டு ‘ல’ போட்டுப் பவுல்லுஸ் என்று எழுதுவார்கள். இது பேராவதற்கு முன்னால் சாதாரணப் புழக்கச் சொல். கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பெரியது என்று சொல்ல வேண்டிய இடங்களில் எல்லாம் ‘பவுலோ’ வரும். இதற்கு ஒன்றுவிட்ட உறவு ‘பவுகுஸ்’, அதாவது சில, குறைவு. இந்தப் பவுகுஸ்தான் தேய்ந்து இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ‘போகோ’ என்று இன்றும் வாழ்கிறது. ஏழையைக் குறிக்கும் ‘பவுபெர்’ இன்னொரு உறவு. ஆங்கிலத்தில் நாம் சொல்லும் ‘புவர்’ அதன் பேரப்பிள்ளை. ஆங்கில ‘ஃபியூ’வும் இதே வேரில் கிளைத்ததுதான், பகரம் ஜெர்மானிய மொழிகளில் ஃபகரமாக மாறிவிடும் என்பதால் பார்த்த மாத்திரத்தில் உறவு தெரியாது.

இந்தோ ஐரோப்பிய வேர்ச்சொல் ஆய்வாளர்கள் இந்தக் குடும்பத்தில் இன்னொருவரையும் சேர்க்கிறார்கள்: சமஸ்கிருத ‘புத்ர’. சிறிது, சின்னஞ்சிறுசு என்ற வேரிலிருந்து மகன் என்ற பொருளுக்கு வந்த சொல் அது. அந்தக் கணக்கில், நாம் கடன் வாங்கி வைத்திருக்கும் ‘புத்திரன்’ பவுலுக்குத் தூரத்துச் சொந்தம். குஞ்சைக் குறிக்கும் லத்தீன் ‘புல்லுஸ்’ஸும் இதே வீடுதான். அதைப் பார்த்ததும் நம்முடைய ‘பிள்ளை’யை இழுத்து வந்து முடிச்சுப் போடக் கை துறுதுறுக்கும். போடாமல் இருப்பது நல்லது. ஓசை ஒத்துப்போவதை வைத்து உறவு கொண்டாடினால் உலகத்தில் எல்லாரும் எல்லாருக்கும் மாமன் மச்சான் ஆகிவிடுவார்கள்.

ஆனால் வேர் உறவே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே மாதிரி யோசித்திருப்பது வேறு விஷயம். லத்தீனில் சிறியதும் சிலவும் ஒரே வேரில் இருப்பதைப் போலவே, பழந்தமிழில் ‘சில்’ என்ற சொல் எண்ணிக்கையில் குறைந்ததையும் அளவில் சிறியதையும் சேர்த்தே குறித்தது. பையில் குலுங்கும் சில்லறையில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சிறியது என்ற சொல் எப்படி ஒரு ஆளின் பேரானது? இங்கே ரோமானியர்களின் பேர் வைக்கும் வழக்கத்தைப் பார்க்க வேண்டும். குடியரசுக் காலத்து ரோமானிய ஆணுக்குப் பொதுவாக மூன்று பேர். முதலாவது வீட்டில் கூப்பிடும் பேர். அதில் புழக்கத்தில் இருந்தவை இருபதுக்கும் குறைவு என்பதால் லூகியுஸ் என்று தெருவில் கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். இரண்டாவது குலப்பேர். மூன்றாவதுதான் சுவாரசியமானது. பெரும்பாலும் யாரோ ஒரு முன்னோருக்கு ஊரார் வைத்த பட்டப்பேர் அது. காலப்போக்கில் பரம்பரைச் சொத்தாகிவிடும்.

அந்தப் பட்டப்பேர்களில் மரியாதையைத் தேடாதீர்கள். பேச்சாளர் சிசரோவின் பேர் கொண்டைக்கடலை என்ற சொல்லிலிருந்து வந்தது. கவிஞர் ஓவிட்டின் மூன்றாம் பேர் நாசோ, அதாவது மூக்கன். கிராசுஸ் என்றால் தடியன். ஸ்ட்ராபோ என்றால் மாறுகண்ணன், பால்புஸ் என்றால் திக்குவாயன். நம்மூர்ப் பட்டப்பேர்களும் இதே ரகம்தான். வித்தியாசம் என்னவென்றால், நாம் அதை ஆள் இல்லாத நேரத்தில் சொல்வோம். அவர்கள் கல்வெட்டில் பொறித்தார்கள்.

இந்த வரிசையில் ஒன்றுதான் பவுல்லுஸ். அந்தப் பட்டத்தை முதலில் வாங்கியவர் உயரம் குறைந்தவராக இருந்திருக்கலாம்; ஒரே பேருள்ள இரண்டு பேரில் இளையவராகவும் இருந்திருக்கலாம். பெண் குழந்தைகளிடையே மூத்தவளைப் பெரியவள், இளையவளைச் சின்னவள் என்று பிரித்துச் சொல்லும் பழக்கம் ரோமில் இருந்தது. பெரியசாமி, சின்னசாமி என்று பேர் வைத்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எமிலியா என்ற பழங்குடும்பத்தில் இந்தப் பட்டம் பரம்பரையாக வந்தது. கி.மு. 216-ல் கன்னே போர்க்களத்தில் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலிடம் ரோம் அடிவாங்கியபோது அங்கே விழுந்த கான்சல் (ரோமின் உச்ச ஆட்சிப் பதவிக்காரர்) ஒருவர் லூகியுஸ் எமிலியுஸ் பவுல்லுஸ். அவருடைய மகனுக்கும் அதே பேர். இந்த மகனைப் பற்றி, பேரையே சுற்றி நடக்கும் கதை ஒன்றை சிசரோ எழுதி வைத்திருக்கிறார்.

மாசிடோனிய அரசன் பெர்சியுஸை எதிர்த்துப் போரை நடத்தும் பொறுப்பு இந்தப் பவுல்லுஸுக்கு வருகிறது. செய்தியோடு மாலையில் வீட்டுக்கு வருகிறார். சின்ன மகள் தெர்த்தியா ஓடி வருகிறாள். தெர்த்தியா என்றால் மூன்றாமவள்; பெண்களுக்குப் பேர் வைப்பதில் ரோமானியர்கள் அவ்வளவுதான் சிரமப்பட்டார்கள். பிள்ளையின் முகம் வாடியிருக்கிறது. என்னம்மா என்கிறார். “அப்பா, பெர்சா செத்துப்போச்சு” என்கிறாள். பெர்சா அவள் வளர்த்த நாய்க்குட்டி. அப்பா பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டு, நல்ல சகுனம் என்கிறார். எதிரியின் பேரும் நாய்க்குட்டியின் பேரும் ஒன்றுபோலக் கேட்டதுதான் காரணம். அந்த அணைப்பு குழந்தையைத் தேற்றவா, சகுனத்தைக் கொண்டாடவா என்று எனக்கு எப்போதும் சந்தேகம். கி.மு. 168-ல் பிட்னாவில் அவர் பெர்சியுஸைத் தோற்கடித்தார். மாசிடோனிய முடியாட்சி அத்தோடு முடிந்தது.

வென்றவருடைய வீட்டில் பேர் நிற்கவில்லை. நான்கு மகன்களில் மூத்த இருவரை முன்பே வேறு பெரிய குடும்பங்களுக்குத் தத்துக் கொடுத்திருந்தார். வெற்றி ஊர்வலத்துக்கு ஐந்து நாள் முன்னால் 14 வயது மகன் இறந்தான். ஊர்வலம் முடிந்த மூன்றாம் நாள் 12 வயது மகன் இறந்தான். தத்துப் போனவர்களில் ஒருவர்தான் கி.மு. 146-ல் கார்த்தேஜை அழித்த சிப்பியோ எமிலியானுஸ். பிறந்த குலத்தின் அடையாளமாக ‘எமிலியானுஸ்’ மட்டும் அவர் பேரில் ஒட்டிக்கொண்டிருந்தது, பவுல்லுஸ் இல்லை. இருநூறு ஆண்டு கழித்து ஒரு கூடாரத் தொழிலாளி அந்தப் பேரோடு கடிதம் எழுத உட்கார்ந்திராவிட்டால், பவுல்லுஸ் என்பது ரோமச் சரித்திரம் படிக்கிறவர்களுக்கு மட்டுமே தெரிந்த பேராக நின்றிருக்கும்.

தர்சு நகரத்து யூதர் அவர், பின்னாளில் கிறிஸ்துவின் தூதரான புனித பவுல். பிறப்பால் ரோமக் குடிமகன். வீட்டுப் பேர் சவுல். எபிரேயத்தில் ‘கேட்டு வாங்கப்பட்டவன்’, வேண்டிப் பெற்ற பிள்ளை. பென்யமீன் குலத்துக்காரர் என்பதால் அந்தக் குலத்தில் பிறந்த முதல் அரசன் சவுலின் பேரை வைத்திருக்கிறார்கள். அந்த அரசனைப் பற்றி பைபிள் தரும் அடையாளம், கூட்டத்தில் நின்றால் மற்றவர்கள் அவன் தோள் உயரத்துக்குத்தான் வருவார்கள் என்பது. உயரமானவன் பேரோடு பிறந்தவர், சின்னவன் என்ற பேரோடு உலகம் முழுக்க அறியப்பட்டார். பிரசங்கிகளுக்கு இதைவிட நல்ல தீனி கிடைக்காது. தமஸ்கு சாலையில் ஒளி பட்டு விழுந்தார், சவுல் பவுலானார் என்று நான் கேட்ட பிரசங்கங்களுக்குக் கணக்கில்லை.

ஆனால் பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் நூலைத் திறந்து பார்த்தால் கதை அப்படி ஓடவில்லை. தமஸ்கு சாலை 9-ஆம் அதிகாரத்தில் வருகிறது. அதற்குப் பிறகும் நான்கு அதிகாரம் வரைக்கும் அவர் சவுல்தான். 13-ஆம் அதிகாரத்தில் சைப்ரஸ் தீவின் பாப்போ ஊரில், ரோம ஆளுநர் ஒருவர் முன்னால் நிற்கும்போதுதான் ‘பவுல் என்றும் சொல்லப்பட்ட சவுல்’ என்று வருகிறது. அந்த ஆளுநரின் பேர் செர்கியு பவுல். அவரும் பவுல்லுஸ்.

இந்தத் தற்செயல் பழங்காலத்து அறிஞர்களைத் தூங்க விடவில்லை. படைத் தலைவர்கள் வென்ற நாட்டின் பேரைப் பட்டமாகச் சூடிக்கொள்வதுபோல, தான் மனம் மாற்றிய முதல் பெரிய மனிதரின் பேரை அவர் எடுத்துக்கொண்டார் என்றார் ஜெரோம். தன்னைத் திருத்தூதர்களில் கடைசி ஆள் என்று எழுதியவர் என்பதால், ‘சின்னவன்’ என்ற பேரைத் தாழ்மையின் அடையாளமாகத் தேர்ந்தார் என்ற விளக்கம் அகுஸ்தினாரிடம் இருக்கிறது. இரண்டுமே அழகான விளக்கங்கள். எனக்கு இரண்டின் மேலும் நம்பிக்கையில்லை. ரோமக் குடிமகன் என்றால் ரோமப் பேர் ஒன்று பிறந்ததிலிருந்தே இருந்திருக்கும். யூத வீட்டில் சவுல், வெளியுலகத்தில் பவுல்லுஸ். வீட்டில் ஒரு பேர், பள்ளிக்கூடத்தில் ஒரு பேர் என்று வளர்ந்த நம்மவர்களுக்கு இதில் எந்த மர்மமும் இல்லை. யூதர் அல்லாதவர்களிடையே வேலை தொடங்கும் இடத்தில் வெளியுலகப் பேர் முன்னுக்கு வருகிறது. அவர் பேரில் உள்ள கடிதங்கள் எல்லாம் ‘பவுல்’ என்றுதான் தொடங்குகின்றன.

இன்னொரு காரணமும் சொல்கிறார்கள், கொஞ்சம் வேடிக்கையானது. கிரேக்கத்தில் ‘சவுலோஸ்’ என்றொரு சொல் ஏற்கெனவே உண்டு. இடுப்பை ஆட்டிக் குலுக்கி நடக்கும் நடையைக் குறிப்பது. கிரேக்க ஊர்களில் போய் ‘நான்தான் சவுலோஸ்’ என்று ஆரம்பித்தால் உபதேசம் கேட்கிறவர்கள் எங்கே பார்ப்பார்கள்!

ஆள் உண்மையிலேயே சின்னவர்தானா? பைபிளில் சேராத, இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பவுலும் தெக்லாவும்’ என்ற கதைநூல் அவரைக் குள்ளமானவர், வழுக்கைத் தலை, வளைந்த கால், சேர்ந்த புருவம் என்று வர்ணிக்கிறது. நேரில் பார்த்து எழுதியதா, பேரைப் பார்த்து எழுதியதா என்று பிரிக்க முடியாது. ஓவியர்கள் வழுக்கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு பேர் ஊர் ஊராகப் போனது. எல்லாரும் தங்கள் நாக்குக்குத் தகுந்தபடி வளைத்தார்கள். நடுவில் இருக்கும் ‘அவு’ தான் எல்லாருக்கும் இடித்தது. பிற்காலக் கிரேக்கர்கள் அதை ‘அவ்’ ஆக்கிப் பாவ்லோஸ் என்றார்கள். அங்கிருந்து ரஷ்யாவுக்குப் போய்ப் பாவெல் ஆனது. ஸ்பெயினில் வகரம் பகரமாகிப் பாப்லோ. இத்தாலியில் பாவ்லோ. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ‘அவு’ ஒரே இழுப்பாகச் சுருங்கிப் போல், பால். அரபு நெடுங்கணக்கில் ‘ப’வின் வல்லோசை இல்லாததால் பூலுஸ். ஹங்கேரியில் பால். பின்லாந்தில் பாவோ, ஒன்பது ஒலிம்பிக் தங்கம் வாங்கிய ஓட்டக்காரர் பாவோ நூர்மி இந்தப் பேர்க்காரர்தான். கத்தலான் மொழியில் தேய்ந்து தேய்ந்து ‘பாவ்’ ஆயிற்று. அந்த மொழியில் அமைதிக்கும் அதே சொல் என்பதால் செல்லோ கலைஞர் பாவ் கசால்ஸ் பேரிலேயே அமைதியைச் சுமந்தார். பக்கத்து மலையாளத்தில் வால் அறாமல் பவுலோஸ் என்று நிற்கிறது, செல்லமாகப் பைலி. ஊர்ப்பேரானதும் உண்டு: பவுல் மனம் திரும்பிய திருநாளான ஜனவரி 25 அன்று, 1554-ல், இயேசு சபையார் பிரேசிலில் ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். அதைச் சுற்றி எழுந்ததுதான் சாவ் பாவ்லோ. இன்று தென் அமெரிக்காவின் மிகப்பெரிய நகரத்துக்குப் பேர் ‘தூய சின்னவர்’.

இத்தனை நாக்குகளில், பழைய லத்தீன் உச்சரிப்புக்குப் பக்கத்தில் நிற்பவற்றில் ஒன்று, புராட்டஸ்டண்டு தமிழர்களின் ‘பவுல்’. ஆங்கிலேயர் சொல்லும் ‘பால்’ அதைவிட எவ்வளவோ விலகிப் போனது. அதை நாம் அப்படியே வாங்கிவந்து பால் என்று தமிழில் எழுதி, ஆவின் பாக்கெட்டோடு குழப்பிக்கொண்டோம். பள்ளியில் எனக்குப் பின்னால் உட்கார்ந்த பால் படாத பாடு பட்டான். இலங்கைத் தமிழர்கள் ‘போல்’ என்று எழுதுவார்கள். அங்கே ‘போல் போல் ஒருவர்’ என்று வாக்கியம் அமைந்தால் திரும்ப ஒருமுறை படிக்க வேண்டும். பால்ராஜ் என்று பத்திரிகையில் பேர் பார்த்தால் அது பவுல் ராஜா, பல்ராஜா என்று நமக்குத் தெரியாது. கல்யாணப் பத்திரிகையின் மேலே சிலுவை இருக்கிறதா, பிள்ளையார் சுழி இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்வோம்.

இப்போது சின்னப்பனுக்கு வரலாம்.

தமிழ்க் கத்தோலிக்கத்தில் சில புனிதர்களின் பேர்கள் ஓசையாக வந்தன. சில பொருளாக வந்தன. அந்தோனியார், சவேரியார், செபஸ்தியார் ஓசையாக வந்தவர்கள். போர்த்துகீசியரின் ஜொசே நம் வாயில் சூசை ஆகி, அப்பர் சேர்ந்து சூசையப்பர் ஆனார். பொருளாக வந்தவர்கள் கூட்டம் தனி. ஸ்தேபான் என்றால் கிரேக்கத்தில் முடி, மணிமுடி; அவர் முடியப்பர். யோவான் என்றால் எபிரேயத்தில் ‘ஆண்டவர் அருள்கூர்ந்தார்’, அவர் அருளப்பர். பெனடிக்ட் என்றால் ஆசி பெற்றவர்; அவர் ஆசீர்வாதப்பர். பவுலுஸ் என்றால் சின்னவர், அவர் சின்னப்பர்.

இந்த வேலையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் வீரமாமுனிவர். 1726-இல் முடித்த தேம்பாவணியில் அவர் சூசை என்ற ஓசைக்கே போகவில்லை. யோசேப்பு என்பதற்கு எபிரேயத்தில் ‘பெருகச் செய்வார்’ என்ற பொருள் இருப்பதால் வளன் என்று பேர் வைத்தார். திருமுழுக்கு யோவான் அங்கே கருணையன். காவியத்துக்குப் பொருத்தமான பேர்கள். ஆனால் தெருவில் எந்தத் தாயும் ‘ஏ கருணையா, சாப்பிட வாடா’ என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வளன் மட்டும் பிற்காலத்தில் வளனார் ஆகி, திருச்சி தூய வளனார் கல்லூரிப் பெயர்ப்பலகை வரைக்கும் வந்தார்.

சின்னப்பன் அப்படி இல்லை. வயல்காட்டில், டீக்கடையில், ரேஷன் கார்டில் எல்லாம் இருந்தான். என் கணக்கில் காரணம் எளிது. அந்தப் பேர் ஏற்கெனவே இங்கே இருந்தது. சின்னத்தம்பி, சின்னையா, சின்னப்பொண்ணு, சின்னசாமி என்ற பெரிய வரிசையில் சின்னப்பாவும் ஒரு பேர். நடிகர் பி. யு. சின்னப்பாவுக்கும், மருதமலை முருகனைக் கும்பிட்டுப் படமெடுத்த சாண்டோ சின்னப்பா தேவருக்கும் பவுலோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. சில வட்டாரங்களில் சித்தப்பாவைக் கூப்பிடுவதே சின்னப்பா என்றுதான். பின்னால் வரும் ‘அப்பன்’ இன்னும் பழைய ஆள்: மாரியப்பன், கண்ணப்பன், ஐயப்பன் என்று சாமிக்கும் அடியாருக்கும் சேர்த்தே ஒட்டுவது. திருநாவுக்கரசரை அப்பர் என்கிறோம். ஆக, வேறொரு நாட்டுப் புனிதரின் பேருக்கு நேர்ப்பொருள் தேடிப் போனபோது, ஊரில் ஏற்கெனவே நடமாடிக்கொண்டிருந்த ஒருத்தர் கிடைத்துவிட்டார். புதுக் கிறிஸ்தவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பேரை வைத்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்நியமாகப் படாது. கோயிலுக்குள் அதற்கு ஒரு பொருள், தெருவில் ஒரு பொருள்.

இந்த மொழிபெயர்ப்பில் ஒன்று கிடைத்தது, ஒன்று போனது. ‘சவுல் பவுல் ஆனார்’ என்ற ஓரெழுத்து விளையாட்டு போயிற்று. கிரேக்கத்திலும் தமிழிலும் முதல் எழுத்து மட்டும் மாறும் அழகு அது. ‘சவுல் சின்னப்பர் ஆனார்’ என்றால் அந்தத் தாளம் இல்லை. பதிலுக்குக் கிடைத்தது, ரோமானியர்களின் வழித்தோன்றல்களே மறந்துவிட்ட பொருள். ஒரு பாவ்லோவை நிறுத்தி உன் பேருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், அகராதியைப் பார்த்தவராக இருந்தால்தான் சொல்வார். சின்னப்பனைக் கேட்டால் சிரிப்பார்.

போப்பாண்டவர்களுக்கும் இதே மரியாதை நடந்தது. 1964 டிசம்பரில் பம்பாய்க்கு வந்த ஆறாம் பவுல் தமிழ்க் கத்தோலிக்கருக்கு ஆறாம் சின்னப்பர். 1978-ல் யோவான், பவுல் என்ற இரண்டு பேரையும் சேர்த்து வைத்துக்கொள்ளும் புதுவழக்கம் வந்தபோது தமிழும் சளைக்கவில்லை. கரோல் வொய்த்திவா என்ற போலந்துக்காரர் இங்கே இரண்டாம் அருள் சின்னப்பர் ஆனார். 1986-ல் அவர் சென்னைக்கு வந்தபோது சுவரொட்டியைப் பார்த்துவிட்டு, “போப்பு நம்மூர்க்காரரா? எந்த ஊரு, லால்குடிப் பக்கமா?” என்று அப்பாவிடம் கேட்டவர் ஒருவர் உண்டு. அவரைக் குறை சொல்ல முடியாது.

எனக்கு இந்தக் கூட்டத்திலேயே பிடித்தவர் வனத்துச் சின்னப்பர். கடிதம் எழுதிய சின்னப்பர் வேறு, இவர் வேறு. எகிப்தின் தீப்ஸ் பக்கத்துக்காரர், கிறிஸ்தவத் துறவிகளில் முதல்வர் என்று சொல்லப்படுபவர். இவருடைய வாழ்க்கையை எழுதியவர், மேலே பார்த்த அதே ஜெரோம். துன்புறுத்தலுக்குப் பயந்து பாலைவனத்துக்கு ஓடியவர் அங்கேயே தங்கிவிட்டார். குகை, வாசலில் ஒரு பேரீச்ச மரம், ஒரு சுனை. உடுத்துவதற்குப் பேரீச்ச ஓலையில் முடைந்த ஆடை. காகம் ஒன்று தினமும் அரை ரொட்டி கொண்டுவரும். அறுபது ஆண்டு அப்படிப் போகிறது. தொண்ணூறு வயது அந்தோனியார் தேடிக்கொண்டு வந்து சேரும் நாளில் காகம் முழு ரொட்டியோடு வருகிறது. யார் பிட்டுக் கொடுப்பது என்பதில் இரண்டு கிழவர்களுக்கும் மாலைவரை மரியாதைச் சண்டை. நீங்கள் மூத்தவர், இல்லை நீங்கள் விருந்தாளி என்று. கடைசியில் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். சின்னப்பர் இறந்தபோது இரண்டு சிங்கங்கள் வந்து குழி தோண்டின என்கிறார் ஜெரோம்.

பாலைவனத்துத் துறவி தமிழில் வனத்துச் சின்னப்பர் ஆனதைக் கவனியுங்கள். மணலை மட்டுமே பார்த்த மனிதரை நாம் காட்டுக்கு அனுப்பிவிட்டோம். துறவி என்றால் காடு, ராமன் என்றால் வனவாசம் என்று பழகிய மொழி வேறென்ன செய்யும்? தேடிப் போனவரும் வனத்து அந்தோனியார். ஜனவரி 15 இவருக்கு, 17 அவருக்கு. நம் நாட்காட்டியில் இரண்டும் பொங்கலை ஒட்டி விழுந்துவிட்டன.

ஜெரோமுக்கு இந்தப் பேரோடு மூன்றாவது தொடர்பும் உண்டு. அவருடன் பெத்லகேமில் வாழ்ந்த ரோமப் பெருமாட்டி பவுலா 404-ல் இறந்தபோது அவர் எழுதிய நீண்ட இரங்கல் கடிதத்தில், இவள் சிப்பியோக்களின் வழி வந்தவள், எந்தப் பவுல்லுஸின் பேரைத் தாங்குகிறாளோ அவருக்கு வாரிசு என்று குறிப்பிடுகிறார். பிட்னாவில் வென்று, சில நாள் இடைவெளியில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்தப் பவுல்லுஸின் பேர்தான். மகன்கள் வழியில் நிற்காத பேர் அறுநூறு ஆண்டு கழித்து ஒரு பெண்ணிடம் போய் நின்றிருக்கிறது.

தமிழில் பொருட்பேர்களின் காலம் மெல்ல முடிந்துகொண்டிருக்கிறது. 1995-ல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து கொண்டுவந்த பொதுமொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அருளப்பர் யோவான் ஆனார், சின்னப்பர் பவுல் ஆனார். ஒரே புத்தகத்தை இரு தரப்பும் படிக்க வேண்டுமென்றால் பேர்கள் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், அதில் வாதமில்லை. ஒரே கிறிஸ்துவின் தூதருக்கு ஒரே தெருவில் இரண்டு பேர் இருந்தது பழைய தலைமுறைக்கு எவ்வளவு குழப்பம் என்பதும் தெரியும். இருந்தாலும், பூசையில் ‘சின்னப்பர் எழுதிய திருமுகத்திலிருந்து’ என்று கேட்டு வளர்ந்த என் காதுக்குப் ‘பவுல்’ இன்னும் பக்கத்துக் கோயிலுக்கு விருந்தாளியாகப் போன மாதிரிதான் இருக்கிறது. கோயில்களின் பேர்களில், கொடியேற்ற நோட்டீஸ்களில், கல்லறைச் சிலுவைகளில் சின்னப்பர் மாறவில்லை. ஞானஸ்நானத் தொட்டியில்தான் குறைந்துவிட்டார். இப்போது வைக்கிற பேர் பால், பவுல், அல்லது போர்த்துகீசிய வாடையோடு பாவ்லோ.

நில விவகாரம் கடைசியில் பங்குச் சாமியார் கைக்குப் போனது. மேற்படி பதிவேட்டில் கண்ட பவுலுஸ் என்பவரும் சின்னப்பன் என்பவரும் ஒருவரே என்று கோயில் தாளில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அதோடு நோட்டரி ஒரு உறுதிமொழிப் பத்திரம். எழுத்தர் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, “அப்ப ராயப்பன்னா என்னங்க சார்?” என்று அப்பாவைக் கேட்டார். அவருடைய மாமனார் பேராம்.

தங்கை மகனுக்குத் தாத்தா பேரைத்தான் வைத்தோம். பிறப்புச் சான்றிதழில் பால். வகுப்பில் இரண்டு பால் இருப்பதால் டீச்சர் இனிஷியலோடு கூப்பிடுகிறாராம். வீட்டில் பேரப்பிள்ளைகளிலேயே கடைக்குட்டி அவன். சாயந்திரம் பள்ளி வேன் சத்தம் கேட்டதும் அம்மா வாசலுக்குப் போய்ப் புத்தகப் பையை வாங்கிக்கொண்டு, “வாடா சின்னவனே, கால் கழுவு” என்பார்.